சாப்பாட்டுக்குப் பின், சுங்கத்துக்கு முன்

என் முதுகெலும்பில் எல்-4, எல்-5 என்று இரண்டு கணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு, கேஸ் சிலிண்டரை உருட்டிய ஒரு நாளில் தன் இடத்தைவிட்டுக் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தது. பார்த்தது பார்த்தபடியே நின்றுவிட்டது. அன்று முதல் இடுப்பில் புறப்படும் வலி, இடது கால் கட்டைவிரல் வரை போய்த் திரும்பி வருகிறது. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நம் வீடுகளில் மாத்திரைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. நிறம், உருவம், வேளை, இவைதான் அடையாளம். "ஏங்க, வெள்ளை நீளத்தைப் போட்டாச்சா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். "போட்டாச்சு. சிவப்பு கேப்ஸ்யூல்தான் பாக்கி" என்பேன். மெடிக்கல் ஷாப்காரரும் இதற்கு உடந்தை. பத்து மாத்திரை அட்டையில் ஆறு கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார். மருந்தின் பெயர் ஒரு துண்டோடும் காலாவதித் தேதி இன்னொரு துண்டோடும் போய்விடும். எனக்கு வாய்க்கும் துண்டில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்பது மட்டும் தெளிவாக இருக்கும். பழுப்புக் கவரின் மேல் 1-0-1 என்று எழுதுவார். ஊர் பேர் தெரியாத ஆளைத் திண்ணையில்கூட உட்காரவைக்காத நான், ஊர் பேர் தெரியாத இரண்டு மாத்திரைகளைத் தினமும் வயிற்றுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஷார்ஜாவில் இருக்கும் மகள் கூப்பிட்டாள். விசா சுலபமாக வந்தது. நீ யார், எவ்வளவு சம்பாத்தியம் என்று யாரும் துருவவில்லை. மாப்பிள்ளை மட்டும் போன் செய்தார்.

"மாமா, நீங்க போடுற மாத்திரை பேர் என்ன?"

"வெள்ளையா, நீளமா ஒண்ணு மாப்பிள்ளை. சிவப்பு கேப்ஸ்யூல் ஒண்ணு."

"பேர் மாமா, பேர்."

"1-0-1."

மாப்பிள்ளை பண்பானவர். பெருமூச்சைப் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு விட்டார்.

முழு அட்டையாக வாங்கி வந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வெள்ளை நீளத்துக்குள் டிரமடாலும் பாராசிட்டமாலும் கூட்டுக்குடித்தனம் நடத்தின. சிவப்பில் இருந்தது பிரிகாபலின், நரம்பு வலிக்கானது. "ரெண்டுமே இந்த ஊர்ல கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு மாமா. முன்னாடியே ஆன்லைன்ல அனுமதி வாங்காம கொண்டுவராதீங்க" என்றார் மாப்பிள்ளை.

டிரமடால் அபினிலிருந்து எடுப்பதல்ல, ஆய்வகத்தில் செய்வது. ஆனால் மூளையில் போய் அபின் தட்டும் அதே கதவைத்தான் தட்டுகிறது. இந்தியாவிலேயே 2018-ல் இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். 'வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்ற கும்பல் கைது' என்று செய்தித்தாளில் அடிக்கடி வரும். இட்லி சாப்பிட்டுக்கொண்டே அதைப் படித்து, "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்கதான் போறாங்களோ" என்று அங்கலாய்த்துவிட்டு, அதே மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறேன்.

இங்கேயே விட்டுவிட்டுப் போனால் என்ன? டாக்டரிடம் போனோம்.

"சட்டுனு நிறுத்தக் கூடாது சார். ரெண்டையும் படிப்படியாத்தான் குறைக்கணும். திடீர்னு நிறுத்தினா வேர்க்கும், தூக்கம் வராது, படபடப்பு வரும், எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவீங்க."

"அதெல்லாம் இவர் மாத்திரை போடும்போதே இருக்கு டாக்டர்" என்றாள் மனைவி.

அன்றிரவு தூக்கம் வராமல் உலகச் செய்திகளைப் புரட்டினேன். அதைச் செய்திருக்கக் கூடாது. 2017-ல் எகிப்துக்கு விடுமுறைக்குப் போன பிரிட்டிஷ் பெண் ஒருவர், முதுகுவலிக்காரரான கணவருக்கென்று டிரமடால் மாத்திரைகளை எடுத்துப்போய், மூன்று ஆண்டு சிறைத்தண்டனை வாங்கினார். முதுகுவலிக்காரர் உள்ளே போகவில்லை, மாத்திரை சுமந்தவர் போனார். இதை மனைவிக்குப் படித்துக் காட்டியதும், "உங்க மாத்திரை உங்க பையிலேயே இருக்கட்டும்" என்று தாம்பத்தியத்தின் எல்லைக்கோட்டைத் தெளிவாக வரைந்துவிட்டாள். 2015-ல் ஜப்பானில், டொயோட்டாவின் உயர்பதவியில் இருந்த அமெரிக்கப் பெண் அதிகாரிக்குத் தபாலில் ஆக்சிகோடோன் மாத்திரைகள் வந்தன. அமெரிக்காவில் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கும் வலி மாத்திரை. போலீஸ் கைது செய்தது. பிறகு வழக்கு ஏதும் போடாமல் விடுவித்தார்கள், ஆனால் அதற்குள் பதவி போய்விட்டது. பிரிட்டனில் மட்டும் நிம்மதியா என்றால், 2019 ஏப்ரலிலிருந்து அங்கே என் சிவப்பு கேப்ஸ்யூல் 'சி' வகுப்புப் போதைமருந்து.

பாராசிட்டமால் ஒன்றுதான் உலகம் சுற்றும் சாது. இங்கே டோலோ, இலங்கையிலும் வளைகுடாவிலும் பனடால், அமெரிக்கா போனால் டைலனால், அட்டையில் அசிட்டமினோஃபென் என்று சட்டை மாற்றிக்கொண்டு திரியும். ஆனால் அந்தச் சாதுவையும் பிரிட்டிஷ்காரர்கள் 1998-லிருந்து அளந்துதான் விற்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பெட்டிக்குப் பதினாறு மாத்திரைக்கு மேல் கிடையாது. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுத்துவிடும் என்பது காரணம்.

அனுமதிக்கு விண்ணப்பிக்க டாக்டர் சீட்டு வேண்டும், மருத்துவ அறிக்கை வேண்டும், பாஸ்போர்ட் நகல் வேண்டும். மருந்தின் வேதிப்பெயரைப் புரியும்படியும், முடிந்தால் பெரிய எழுத்திலும் எழுதச் சொல்லி மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதி போட்டுவிட்டது. என் டாக்டரின் சீட்டைப் பார்த்தால் பேனா மை தீர்ந்துவிட்டதா என்று சோதித்துப் பார்த்த தாள் மாதிரி இருக்கும். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு படிப்பார்கள், அரபு நாட்டு அதிகாரி என்ன செய்வார்? தயங்கித் தயங்கி, டைப் அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். டாக்டர் தன் எழுத்தைத் தானே ஒருமுறை உற்றுப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்த தகராறு எண்ணிக்கையில் வந்தது. என் மனைவியின் பயண சாஸ்திரப்படி எதையும் 'ஆத்திர அவசரத்துக்கு' என்று இரண்டு மடங்கு வைக்க வேண்டும். புளிக்காய்ச்சலுக்கு அந்த சாஸ்திரம் செல்லும். அனுமதிச் சீட்டில் எத்தனை மாத்திரை என்று இருக்கிறதோ, அதற்கு மேல் ஒன்றுகூடப் பையில் இருக்கக் கூடாது. "ஒண்ணு கீழ விழுந்து உருண்டு போச்சுன்னா?" என்றாள். "நானும் கூடவே உருண்டு போய்த் தேடிக்கிறேன்" என்றேன். வெட்டுப்படாத அட்டைகள், மருந்துக்கடை ரசீது, டாக்டர் கடிதம், அனுமதிச் சீட்டு எல்லாம் கைப்பையில் ஏறின. பெட்டியில் போட்டால், பெட்டி தொலையும் அன்று இடுப்பு கணக்குக் கேட்கும்.

எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று நினைத்த வேளையில் சம்பந்தியம்மா வந்தார். கையில் ஒரு பார்சல். சம்பந்தி கொடுக்கும் பார்சலைப் பிரித்துப் பார்ப்பதைவிட நீதிபதியின் பையைச் சோதிப்பது எளிது. ஆனாலும் எகிப்து கண்முன் வந்தது.

"இதுல என்ன இருக்கு சம்பந்தியம்மா?"

"என்ன, பொடிதான் அண்ணா. குழம்புப் பொடி, பருப்புப் பொடி. அவனுக்கு முழங்கால் வலின்னான், அதுக்கு நான் போடுற மாத்திரை கொஞ்சம். இந்த ஊர் மாத்திரைதான் அவன் உடம்புக்குக் கேட்கும். அப்புறம் குருமாவுக்கு கசகசா."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கசகசா அபின் செடியின் விதை. போதை அந்தச் செடியின் காயில் வடியும் பாலில் இருக்கிறது, விதையில் ஒட்டியிருப்பது வெறும் துளி. அந்தத் துளிக்கும் அமீரகத்தில் தடை. விமான நிலையத்தில் வாங்கித் தின்ற ரொட்டியிலிருந்து உடையில் ஒட்டிக்கொண்ட மூன்று கசகசாவுக்காக, ஸ்விட்சர்லாந்துக்காரர் ஒருவருக்கு துபாயில் நான்கு ஆண்டு சிறை என்று 2008-ல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. சம்பந்தியம்மா கொண்டுவந்தது கால் கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளை வந்துதான் என்னை ஜாமீனில் எடுக்க வேண்டும்.

நான் சொன்னதை சம்பந்தியம்மா நம்பவில்லை. "குருமா சாப்பிட்டா யாராவது மயங்கி விழுந்திருக்காங்களா?" என்றார். கல்யாணப் பந்தி முடிந்து பாயில் விழும் கூட்டம் ஞாபகம் வந்தது, ஆனால் அவர் நடத்திய கல்யாணம் என்பதால் சொல்லவில்லை. மகனே போனில் எடுத்துச் சொன்ன பிறகுதான் கசகசாவும் முழங்கால் மாத்திரையும் ஊரிலேயே தங்கின. பொடிகள் மட்டும் விமானம் ஏறின.

ஷார்ஜாவில் இறங்கியதும் நானே அதிகாரியைத் தேடிப் போய்க் காகிதங்களை நீட்டினேன். படித்தார், அட்டைகளை எண்ணினார், என் இடுப்புப் பெல்ட்டைப் பார்த்தார், போகச் சொன்னார். கூடவே வந்த மனைவிக்கு ஏமாற்றம். "இவ்வளவு பேப்பர் சேர்த்தோம், ரெண்டு கேள்வியாவது கேட்டிருக்கலாம்" என்றாள். பேப்பர் சேர்த்ததால்தான் கேள்வி இல்லை என்று விளக்கினேன். கேள்விக்கான பதில்களைக் கையில் வைத்திருப்பவனிடம் உலகத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஊர் திரும்பிய பிறகு எனக்குத் தெருவில் புதுப் பதவி கிடைத்திருக்கிறது. டிக்கெட் போட்டவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதற்கு முன் என்னிடம் வருகிறார்கள். போன வாரம் கோடி வீட்டுப் பெரியப்பா வந்தார். பேரனைப் பார்க்க ஜப்பான் போகிறார். இருமலுக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று என்று மேஜையில் கடை விரித்தார். பூதக்கண்ணாடியை எடுத்தேன். மூக்கடைப்பு மாத்திரையில் சூடோஎபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள். இருமல் மருந்தில் கோடீன் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் அங்கே அது போதைமருந்து. மற்ற டாக்டர் சீட்டு மருந்துகள் ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோனால், அதற்கு முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன்.

பெரியப்பா நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ சொல்றதைக் கேட்டே எனக்குத் தலைவலி வந்துடுச்சு. ஒரு மாத்திரை போட்டுக்கவா?"

"தாராளமா போடுங்க பெரியப்பா. ஆனா இங்கேயே போட்டுட்டுப் போயிடுங்க."