ஹாலோ அண்ணன்

புதுச்சேரியில் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் பேட்டைக்கு ஒரு ஹாலோ அண்ணன் உண்டு. சாயங்காலம் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைப் பக்கம் தேடினால் கிடைப்பார். ஐம்பதைத் தொட்ட வயது, பாரிசில் ஒரு மச்சினன், சின்ன வயதில் சர்ச் குழுவில் பழகிய நாலு கார்டு. வீட்டுச் சுவரில் கல்கத்தா கிவ்சன் கிடார் ஒன்று தொங்குகிறது. கேட்பவரிடம் ‘கிப்சன்’ என்பார். ஓரெழுத்தில் என்ன வந்துவிடப்போகிறது!

அண்ணன் எலெக்ட்ரிக் கிடார் வாங்கப்போகிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாங்கப்போகிறார். பணம் ஒரு தடையில்லை. வயிற்றில் கட்டை உள்ளதா, இல்லாததா என்பதில்தான் நிற்கிறது.

“ரெண்டுக்கும் என்னண்ணா வித்தியாசம்?” என்று கேட்டுவிட்டீர்களோ, கையிலிருக்கும் சுண்டல் ஆறிப்போகும். ஹாலோ பாடி உள்ளே முழுக்கக் காலி. வீணைக் குடம் மாதிரி மரமே பேசும். கிப்சன் இஎஸ்-150 வந்தது 1936-ல். 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அதை வாசித்த பிறகுதான், ஊதுகருவிகளுக்கு ஈடாகக் கிடாருக்கும் குரல் வந்தது. ஆனால் சத்தத்தை ஏற்றினால் போச்சு. ஸ்பீக்கர் ஒலி காலி வயிற்றில் புகுந்து, பலகையை அதிரவைத்து, திரும்ப ஸ்பீக்கருக்கே போய் ‘ஊய்ய்ங்’ என்று ஊளையிடும். அதை அடக்கத்தான் 1958-ல் இஎஸ்-335 வந்தது. இரு பக்கமும் காலி, நடுவில் மேப்பிள் கட்டை. இது செமி-ஹாலோ. ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்குக்கு அதுவும் போதவில்லை. மேற்பலகை ஓட்டையில் துணியை அடைத்தார். 1980-ல் அவர் பெயரில் வந்த மாடலில் ஓட்டையே கிடையாது.

இதுவரை நல்ல பாடம்தான், குறை சொல்ல மாட்டேன். வினை இதற்குப் பிறகு.

“அப்ப செமியே வாங்கிடுங்கண்ணா.”

“கட்டைய வெச்சா மரத்துக்கு மூச்சு முட்டும்பா.”

“சரி, ஹாலோ?”

“ஜூன் 21-க்குத் தெருவுல வாசிக்கணுமே, கத்துமே!”

ஜூன் 21 என்றால் ஃபெத் த லா மியூசிக். 1982-ல் பிரான்சில் தொடங்கி, நம்மூருக்கும் வந்து ஒட்டிக்கொண்ட தெரு இசை விழா. பையன்கள் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வெளுத்து வாங்குவார்கள். அண்ணன் ஆம்ப் ஓரமாகக் கைகட்டி நின்று, “சாலிட் பாடி. தகரம்” என்று முகம் சுளிப்பார். அவர் வாசிப்பது அடுத்த வருஷம்.

பொறுக்க முடியாத மச்சினன் போன டிசம்பரில் கேட்காமலே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எபிஃபோன் கசினோ. 1969-ல் லண்டன் மொட்டைமாடியில் ஜான் லெனன் வாசித்த ரகம். பார்த்தால் 335-ன் கூடப்பிறந்தது. உள்ளே கட்டை இல்லை. அண்ணன் ஓட்டைக்குள் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். “ஆள் செமி, ஆவி ஹாலோ” என்றார். உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும் என்று பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

“எந்தம்பி அவ்ளோ தூரத்துலேர்ந்து சுமந்தாந்திருக்கான். வாசிங்களேங்க!” என்றார் அண்ணி.

“இரு. ஃப்ளாட்வவுண்ட் கம்பி போடறதா, ரவுண்ட்வவுண்ட் போடறதான்னு முதல்ல முடிவு பண்ணணும்.”