காலி பாட்டிலின் பாக்கியம்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், திருச்செங்கோடு வட்டம், நாமக்கல் மாவட்டம் (1937-இல் சேலம் மாவட்டம்)

பெறுநர்: மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, தலைமைச் செயலகம், சென்னை

பொருள்: குடிப்பவர் வீட்டைக் கணக்கெடுத்தல் – மறுபடியும் – தொடர்பாக

பார்வை: சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம், 1937

அய்யா,

துறையின் பெயரில் மதுவிலக்கும் வேலையில் மது விற்பனையும் இருப்பதாகக் கேலி பேசும் கூட்டத்தில் நான் இல்லை. பெயரையாவது பத்திரமாக வைத்திருக்கிறீர்களே, அதற்கு நன்றி. நான் எழுதுவது கணக்கு விஷயமாக. விடையை மட்டும் எழுதி ஸ்டெப் போடாத பையனுக்கு நான் முழு மார்க் போட்டதே இல்லை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

எங்கள் மண்ணுக்கும் உங்களுக்கும் பழைய உறவு உண்டு. திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கூட இருந்து வேலை பார்த்தவர் கல்கி. பத்து இதழோடு பத்திரிகை நின்றுவிட்டது, ராஜாஜி நிற்கவில்லை. 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் சட்டமே கொண்டுவந்தார். அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அது அமலுக்கு வந்தது. அன்றைய சேலம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். மாகாணம் முழுக்க ஒரே நாளில் கடையைச் சாத்தாமல், ஒரு மாவட்டத்தில் செய்து பார்ப்போம் என்றார்கள். பரிசோதனை எலி நாங்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. எலிக்கு என்ன ஆனது என்று வந்து பார்த்தார்களே!

பார்த்தவர் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ். முதல் ஓராண்டின் விளைவுகளை ஆராய்ந்த அறிக்கை புத்தகமாகவே வந்தது. கள்ளுக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த காசு இப்போது எங்கே போகிறது, சோற்றுக்கா, துணிக்கா, கடனுக்கா? கேள்வி அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பதில் கடைக் கல்லாவில் இருக்காது. வீட்டு வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். ஆட்சியாளர் ஆசையாகக் கொண்டுவந்த திட்டத்தைப் பற்றி அந்த ஆட்சியிலேயே கேட்டால், ஊரார் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். இருக்கட்டும். கேட்டார்கள் என்பதே பெரிது.

வருமானம் போகிறதே என்ற கவலைக்கும் அன்று விடை தேடினார்கள். 1939-இல் விற்பனை வரி வந்தது. கள்ளுப் பணத்தின் இடத்தை நிரப்ப வந்த அந்த வரி, வளர்ந்து, மதிப்புக்கூட்டு வரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜிஎஸ்டி வந்து கடலை மிட்டாய் வரைக்கும் அள்ளிக்கொண்டு போனபோதும் மதுவைத் தொடவில்லை. ஆக, 2024-25-இல் மதுவால் உங்களுக்கு வந்த 48,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வருவாயில் பெரும்பங்கு இந்த வரிதான். காவலுக்கு வைத்த நாய் திருடன் வீட்டில் சோறு தின்கிற கதை. 1937 சட்டமும் இன்னும் சாகவில்லை. உங்கள் கடைகளுக்கும் பார்களுக்கும் 2003-இல் விதி எழுதியது அந்தச் சட்டத்தின் கீழ்தானே! சேலத்தில் கடையைச் சாத்த எழுதிய சட்டம், சேலத்தில் கடையைத் திறக்கவும் உதவுகிறது. இவ்வளவு சிக்கனமான நிர்வாகம் வேறெங்கும் உண்டா?

இனி, ஸ்டெப் கேட்கும் இடம். 2016-இல் ஜெயலலிதா 500 கடைகளை மூட உத்தரவிட்டார். 2017 பிப்ரவரியில் எங்கள் எடப்பாடிக்காரர் முதல்வரானதும் இன்னொரு 500. 2023 ஜூனில் திமுக ஆட்சி 500. கட்சி மாறினாலும் எண் மாறவில்லை. நடுவில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து தள்ளி வை என்றபோது சொன்ன தூரமும் 500 மீட்டர்! இந்த 500 எப்படி வந்தது? 460 போதாது, 530 அதிகம் என்று எந்தக் கிராமத்தில் யார் அளந்தார்கள்? விடை அழகாக வட்டமாக இருக்கிறது. ஸ்டெப் எங்கே?

அதைவிட வருத்தம் கைக்கு வந்த வாய்ப்பை விட்டதுதான். நெடுஞ்சாலைத் தீர்ப்பால் 2017 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சாத்தப்பட்டன. நாமக்கல், சங்ககிரி என்றால் லாரி. லாரி என்றால் நெடுஞ்சாலை. கடை இருந்த சாலையில் விபத்து குறைந்ததா, கடை ஊருக்குள் நகர்ந்து வந்தபோது தெருவில் என்ன ஆனது என்று பார்க்க இதைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஊருக்குள் கடை வேண்டாம் என்று பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் போலீஸ் பெயர் கேட்டது. காரணத்தை யார் கேட்டார்கள்?

கணக்கெடுக்கத் தெரியாத துறை என்று உங்களைச் சொல்ல மாட்டேன். காலி பாட்டிலைப் பாருங்கள். உயர் நீதிமன்றம் சொன்னதால் 2022-இல் நீலகிரியில் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போன திட்டம்: பாட்டிலில் ஸ்டிக்கர், வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதல், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் வாபஸ். காட்டில் யானையின் காலில் கண்ணாடி குத்தக் கூடாது; நியாயம். போன பாட்டில் வீடு திரும்பியதா என்று உங்களுக்குத் தெரிகிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு போன ஆள் வீடு திரும்பினானா, திரும்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு மட்டும் ஸ்டிக்கர் இல்லை. எங்கள் நாமக்கல்லில் முட்டைக்குக்கூட விலை நிர்ணயித்து அறிவிக்கிறார்கள். தீவனம் என்ன விலை, கேரளாவுக்கு எவ்வளவு போகிறது, எல்லாம் விரல் நுனியில். முட்டைக்கு உள்ள கவனிப்பு வீட்டுக்கு வேண்டாமா?

தேசியக் குடும்பநல ஆய்வு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குடிக்கிறார். அது தலைக்கணக்கு. எங்கள் தெருவில் கடையைத் திறந்தால், மூடினால், நேரத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. அதற்காக எடுத்ததும் அல்ல.

ஆய்வு என்றாலே உங்களுக்கு எதிராகத்தான் வரும் என்று பயப்பட வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஆம்புலன்ஸ்கள் சேலம் அரசு மருத்துவமனைக்கும் வந்தன. உடனே 1937 சட்டத்தில் தண்டனையைக் கூட்டினீர்கள். ஆனால் கடை பக்கத்தில் இருந்தும் கூலிக்காரன் ஏன் பாக்கெட் சாராயத்தைத் தேடிப் போகிறான்? விலையா, நேரமா, கடன் சொல்லலாம் என்பதா? இது தெரிந்தால், கடையை மூடுவது எங்கே உதவும், எங்கே உபத்திரவம் என்று தெரியும். ‘எல்லாக் கடையையும் மூடு’ என்று மேடையில் முழங்குகிறவரும் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஸ்காட்ச் பிறந்த ஊரைக் கொஞ்சம் பாருங்கள். சரக்கிலுள்ள ஆல்கஹாலின் அளவுக்கேற்ப இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஸ்காட்லாந்து 2018-இல் ஒரு குறைந்தபட்ச விலை வைத்தது. ஆனால் சட்டத்திலேயே ஒரு கொக்கி போட்டார்கள்: ஐந்து வருடம் கழித்து ஆய்வறிக்கை வர வேண்டும், சபை மறுபடி ஓட்டுப் போடாவிட்டால் ஆறாம் வருடத்தோடு சட்டம் தானாகச் செத்துவிடும். அறிக்கை வந்தது, மதுவால் நேரும் சாவு குறைந்தது என்றார்கள். சட்டத்தைத் தொடர்ந்து, 50 பென்ஸாக இருந்த விலையை 2024-இல் 65 ஆக்கினார்கள். விஸ்கி காய்ச்சுகிறவனே ஸ்டெப் போடுகிறான்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை 500 கடை மூடும்போது, அதில் இருபது ஊரையாவது முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். மூடுவதற்கு முன் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை, ஒரு வருடம் கழித்து ஒரு தடவை வீடு வீடாகக் கேளுங்கள்: வாரக்கூலியில் வீட்டுக்கு எவ்வளவு வந்தது, வட்டிக்கடன் எவ்வளவு, பள்ளிக்கூடம் நின்ற பிள்ளை உண்டா, ராத்திரி தூங்க முடிந்ததா? மூடாத இருபது ஊரிலும் இதையே கேளுங்கள். இல்லாவிட்டால் எதனால் என்ன ஆனது என்று சொல்ல முடியாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் செய்வார்கள். அறிக்கை கசப்பாக இருந்தாலும் அச்சிடுங்கள்.

இதற்கெல்லாம் ஜனங்கள் பதில் சொல்வார்களா என்று யோசிக்காதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பள்ளிபாளையம் பக்கம் தறிக்குடும்பங்கள் இருக்கும் ஒரு சந்தில் நான் எழுதப் போனேன். கூரை ஓடா கான்கிரீட்டா, கக்கூஸ் உண்டா, டிவி உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பதில் சொன்ன அந்தம்மா, கடைசியில் சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக் காட்டினார். பால் வாங்கிய நாளுக்கு டிக். சில கட்டங்களில் டிக்குக்குப் பதிலாகப் பேனாவால் அழுத்தி வைத்த ஒரு புள்ளி. “அது அவுரு குடிச்சுட்டு வந்த நாளுங்க சார். அன்னிக்கிப் பாலுக்குக் காசு இருக்காது. இதையும் எழுதிக்கங்க” என்றார்.

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. “அதெல்லாம் இதுல வராதும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். வாத்தியார் போட்ட தப்புக்கணக்கு அது.

அந்தம்மாவின் தாள் என்னிடம் இல்லை. அதே மாதிரி கட்டம் போட்ட வெற்றுத் தாள் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்க ஒரு ரூபாய்தான் ஆகும்.

இப்படிக்கு,
விடைக்காக அல்ல, ஸ்டெப்புக்காகக் காத்திருக்கும்
கணக்கு வாத்தியார்

இணைப்பு: காலண்டர் தாள் – 1. பாலுக்கு டிக். மற்றதற்குப் புள்ளி.