ஆற்றங்கரை மனை

கேள்வி: உத்திரமேரூர் அருகே செய்யாற்றங்கரையில் பண்ணை வீட்டு மனை விற்கிறார்கள். வார இறுதியில் தூண்டில் போட ஆசை. வாங்கலாமா?

பதில்: சித்திரையில் ஒரு முறை போய்ப் பாருங்கள், மணல் தெரியும். கார்த்திகையில் இன்னொரு முறை போங்கள், ஆறு எதுவரை வரும் என்று ஆறே காட்டிவிடும்! பட்டா, வில்லங்கச் சான்றோடு புலப்படத்தையும் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு கலந்திருந்தால் வேண்டவே வேண்டாம். நீர்நிலையைக் காக்க, ஏரிக்கென்றே தனி வாரியம் (குழு) வைத்திருந்த ஊர் உத்திரமேரூர். வாரியத்துக்கு வர, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேலும், சொந்த மனையில் வீடும் வேண்டும் என்கின்றன பராந்தக சோழன் காலத்து (919, 921) கல்வெட்டுகள். தாள்கள் சரியென்றால் தாராளமாக வாங்குங்கள். ஆற்றை விட்டு ஊர் ஏரியில் தூண்டில் போடுவதானால், அதற்குமுன் மட்டும் மீன்பாசி குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.