ஒரு பட்டை கூட

கம்பத்தில் ஒருவர் உங்களுக்கு வணக்கம் சொல்லும்போதே அவர் கண் உங்கள் முகத்தை விட்டு இறங்கி, நீங்கள் வந்த வண்டியின் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் போய் நின்றுவிட்டால், அவர் யாரென்று தெரிந்துகொள்ளலாம். அவர்தான் கட்டு மாற்றும் அண்ணன். வயதில் உங்களுக்கு இளையவராகவும் இருக்கலாம். பழைய ஜீப் வைத்திருப்பவர் இங்கே அண்ணன்தான். தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் வார்டுக்கு ஒருவர் நிச்சயம் உண்டு.

"நல்லாருக்கீங்களா?" என்பார். பதில் வருவதற்குள் குனிந்துவிடுவார். "இடது பக்கம் தாழ்ந்திருக்கே... மெயின் பட்டை முறிஞ்சிருக்கா?" வந்து நின்றது கல்யாண வேன், உள்ளே பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்.

அமெரிக்காவில் இந்த நோய்க்கு மஸ்டாங், கமாரோ என்று பெயர். நம் பக்கத்துப் பட்டணங்களில் கான்டெஸா. கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப். காரணம் மேற்கே நிற்கும் மலை. கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏறினால் ஏலத்தோட்டம். ஏலத்தோட்டத்துக்குள் போகும் பாதையைப் பாதை என்று சொல்வது அதைப் போட்டவர் மேலுள்ள மரியாதை. 1940களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை உதிரியாக இறக்கிப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பிறகு எம்.எம். 540, மேஜர், கமாண்டர் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அடியில் கிடந்த கட்டு மட்டும் மாறவில்லை. இரு முனையிலும் கண் வைத்த நீளப் பட்டை ஒன்று. அதற்குக் கீழே அதைவிடக் குட்டை, அதற்கும் குட்டை. நடுவில் ஒரு சென்டர் போல்ட். எல்லாவற்றையும் ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்க யு போல்ட். சக்கரம் குழியில் இறங்கினால் பட்டைகள் வளையும், வளையும்போது ஒன்றோடொன்று உரசும், அந்த உரசலே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும். மலைக்கு இது போதும். அண்ணனுக்குப் போதாது.

அண்ணனிடம் இருப்பது எம்.எம். 540. பியூஜோ டீசல் எஞ்சின். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியைக் கோழிக்கும் சேர்த்து விலை பேசி ஓட்டி வந்தார் என்று ஊரில் சொல்வார்கள். எஞ்சினை அவர் அதிகம் தொடவில்லை. பெயின்ட் விஷயத்திலும் அடக்கம்தான். அவருடைய முழுக் கவனமும் தரைக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை அடியில்.

செலவுக்கு வழி திராட்சைத் தோட்டம். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அண்ணன் ஷாக் அப்சார்பர் விலை விசாரித்தார். அவர் கணக்கு எளிமையானது. பழம் கிலோ நூறுக்குப் போனால் பின்கட்டு இரண்டும் புதுசு. அறுபதுக்குப் போனால் பட்டைக் கண்ணைச் சேஸிஸோடு கோக்கும் ஷாக்கிள். முப்பதுக்கு இறங்கினால் புஷ் மட்டும். மழையில் பழம் வெடித்துப்போன வருஷம், இருக்கிற பட்டைகளுக்குக் கழிவு ஆயில் அடித்துவிட்டு, "இதுவும் ஒரு அப்கிரேடுதான்" என்றார்.

முதலில் பின்னால் ஒரு பட்டை கூடப் போட்டார். வண்டி ஓரங்குலம் நிமிர்ந்தது. அந்த ஓரங்குலத்தைத் தெருவில் யாரும் கவனிக்கவில்லை என்பது அவருக்குத் தாங்கவில்லை. இன்னொன்று போட்டார். இப்போது பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் குனிந்தது. வண்டி எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது மாதிரித் தெரிந்ததால் முன்கட்டிலும் சேர்க்க வேண்டியதாயிற்று. பிறகு ஷாக்கிளை நீட்டினார். ஷாக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஓரங்குலம்தான் ஏறும். இது தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், மளிகைக் கடையில் எடை ஏமாந்தவர் தோற்றார். முன் ஷாக்கிளை நீட்டியதில் ஆக்ஸிலின் சாய்வு மாறி ஸ்டியரிங் அலைய ஆரம்பித்தது. நேரே கூடலூர் போகும் ரோட்டில் வண்டி சுருளிப்பட்டிக்குத் திரும்பப் பார்க்கும்.

பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "தம்பி, பட்டையோட கனம் கொஞ்சம் கூடினாலே விறைப்பு எக்கச்சக்கமா ஏறிப்போகும்." கணக்கு அதுதான்: விறைப்பு, கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மில்லிப் பட்டை இருந்த இடத்தில் 8 மில்லியை வைத்தால் விறைப்பு இரண்டே கால் மடங்கையும் தாண்டும். அண்ணன் ரொம்பக் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப 8 மில்லியே போடுங்க" என்றார்.

வண்டி அழகாகத்தான் நின்றது. ஏறுவதுதான் கஷ்டம். அண்ணனின் அம்மா ஏறுவதற்கு ஒரு முக்காலி வாங்க வேண்டியிருந்தது. ஏறிய பிறகு இறங்கும் வரை அவருக்கும் சீட்டுக்கும் அதிகத் தொடர்பு இருக்காது. வேகத்தடை வந்தால் முதலில் வெற்றிலைப் பெட்டி எழும்பும், அடுத்து அம்மா, கடைசியில் "டேய்" என்ற சத்தம். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பியவர், "ஆத்தா கௌமாரி, அடுத்த வருசம் பஸ்ஸுல வர்றேன்" என்று வேண்டிக்கொண்டதாகக் கேள்வி.

அண்ணி கொஞ்சம் பொறுமைசாலி. ஆனால் அவர் பிறந்த வீட்டில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணன் வாய் தவறிவிட்டது. "அடுத்து ஈமுவுல காசு போடலாம்னு இருக்கேன்" என்றார். மாமனார் கை கழுவ எழுந்துவிட்டார். 2012இல் பெருந்துறைப் பக்கத்து ஈமுப் பண்ணைகளில் பணம் போட்டு விழுந்தவர்களில் அவரும் ஒருவர். ஓல்ட் மேன் ஈமு என்பது ஆஸ்திரேலியாவில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் விற்கும் பெயர், அது முட்டை இடாது என்று விளக்கி அவரைத் திரும்ப இலைக்கு முன் உட்கார வைக்க ரசம் வரைக்கும் ஆயிற்று. விலையைச் சொன்னதும் மறுபடி எழுந்துவிட்டார்.

மகிந்திராவின் புதுத் தார் ஜீப் வந்தபோது அண்ணன் நேரில் போய்க் குனிந்து பார்த்தார். 2010இல் வந்த தாருக்குப் பின்னால் பட்டைக் கட்டு இருந்தது. அதனால் அதை ஒரு மாதிரி தூரத்துச் சொந்தமாக ஒத்துக்கொண்டிருந்தார். 2020 மாடலில் பின்னாலும் சுருள் ஸ்பிரிங். "இதெல்லாம் பேனாவுல போடுறதுடா" என்று எழுந்து கை தட்டிவிட்டுக்கொண்டார். 1967 மாடல் கமாரோவுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒற்றைப் பட்டைதான், முறுக்கினால் ஆக்ஸில் குதிக்கும், அங்கேயும் நம்மைப் போல ஆட்கள் கழற்றி மாட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதற்கு, "ஒத்தப் பட்டையா? அப்புறம் அவன் தோட்டத்துக்கு எப்படிப் போவான்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

வண்டி வாங்கி வந்த பிறகு அண்ணனும் ஏலத்தோட்டத்துக்குப் போனதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். திராட்சைத் தோட்டத்துக்குத் தார் ரோடு. அவர் போவது டீக்கடைக்கு, பட்டறைக்கு, அப்புறம் வேறு ஜீப்பைப் பார்க்க.

அரிக்கொம்பன் யானை ஊருக்குள் வந்த நாள் நினைவிருக்கலாம், 2023 மே 27. ஊரே மொட்டை மாடியில் நின்றது. யானை தெருவில் போகிற வீடியோவை எல்லோரும் நடுங்கிக்கொண்டே பார்த்தோம். அண்ணன் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "அம்புட்டு வெயிட்டு. ஒரு குலுங்கல் இருக்கா பாரு. முன்கட்டு, பின்கட்டு என்ன செட்டிங்கு!"

சட்டத்துக்கும் அவருக்கும் நேரடிப் பகை கிடையாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றி ஓட்டக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவரும் அறிவார். அதனால் 15 வருஷம் கழிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கிற சமயம் வந்தால் வீட்டில் ஒரு கல்யாண வேலை நடக்கும். பழைய கட்டு பரணிலிருந்து இறங்கும். வண்டி அதன் பிறந்த உயரத்துக்கு வரும். அதிகாரி பார்த்துக் கையெழுத்திட்டதும் மறுநாள் பழையபடி ஏறிவிடும். அந்த ஒரே ஒரு நாள் அம்மா முக்காலி இல்லாமல் ஏறி, ஊரைச் சுற்றி வந்து, "இந்த வண்டி யாருதுடா, நல்லாருக்கே" என்பார். கேரளாப் பக்கம் மட்டும் அண்ணன் போவதில்லை. குமுளியைத் தாண்டினால் மாற்றிய ஜீப்பை அடையாளம் காண அங்குள்ள அதிகாரிகளுக்கு டேப் வேண்டாம், கண் போதும்.

விஷயம் தெரிந்த ஆட்கள் ஊரில் இல்லாமல் இல்லை. விடிவதற்கு முன்னால், தூக்குச்சட்டியோடு நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிற ஜீப் டிரைவர்கள் இருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணிக்கை ஒன்று, உள்ளே இருக்கும் எண்ணிக்கை இன்னொன்று. மேலே கேரியரில் மூட்டை. அவர்கள் பட்டை கூடப் போடுவது அழகுக்கல்ல, வயிற்றுக்கு. அதில் எத்தனை ஆபத்து என்பதை இந்த மலைப்பாதை அவ்வப்போது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படி ஒருவர்தான் டீக்கடையில் வைத்து அண்ணனிடம் உடைத்துப் பேசினார்.

"அண்ணே, உங்க வண்டிக்கு ஒரு கோளாறும் இல்ல. ஆள் இல்ல, அம்புட்டுத்தேன். நாங்க போடுற கட்டைப் போட்டுட்டு, நீங்களும் அண்ணியும் மட்டும் உக்காந்து போனா அது எப்படிண்ணே வளையும்? ரெண்டு பட்டையை உருவிப் போடுங்க. பூ மாதிரி போகும்."

அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். பட்டையைச் சேர்க்கச் சொல்லிப் பல பேர் அவரிடம் வந்ததுண்டு. உருவச் சொன்னவர் இவர்தான். இரண்டு நாள் பட்டறைப் பக்கமே போகாமல் யோசித்தார். மூன்றாவது நாள் பட்டையை உருவாமலே அதே பலனைப் பெற ஒரு வழி கண்டார். கட்டு வளைய ஆள்தானே வேண்டும்? வீடு கட்டி மிச்சமிருந்த மணலை மூட்டை பிடித்துப் பின்சீட்டு இரண்டு பக்கமும் அடுக்கினார்.

வண்டி பூ மாதிரிதான் போனது. உத்தமபாளையம் தாண்டி, ராத்திரி ஒன்பது மணிக்குப் போலீஸ் கை காட்டும் வரை.

"பின்னால என்ன?"

"மணல் சார்."

உண்மையைச் சொன்னதுதான் பிழை. எந்த ஆற்றில் அள்ளியது, யாருக்குப் போகிறது, கூட வந்த டிராக்டர் எங்கே என்று கேள்விகள் வரிசையாக வந்தன. அண்ணன் கட்டின் இயல்பு, விறைப்பு, 6 மில்லி, 8 மில்லி என்று தொடங்கினார். போலீஸ்காரர் சர்வீஸில் எத்தனையோ மணல் கதை கேட்டவர். இதைக் கேட்டு டார்ச்சை அணைத்துவிட்டு, "வண்டி குதிக்குதுன்னு மணல் ஏத்துனியா?" என்று திரும்பக் கேட்டார். வீடு கட்டிய ரசீதோடு மச்சான் வந்து சேர நள்ளிரவானது. மணலை அங்கேயே கொட்டிவிட்டு வெறும் வண்டியில் இருவரும் திரும்பினார்கள். வழியெல்லாம் குதித்ததில், மச்சான் திட்ட நினைத்தது எதையும் முழு வாக்கியமாகத் திட்ட முடியவில்லை.

மறுநாள் காலை பட்டறையில் பின்கட்டு இரண்டும் இறங்கின. பக்கத்துக்கு இரண்டாக நாலு பட்டை வெளியே வந்தது. பெரியவர் எதுவும் பேசவில்லை. கூலி மட்டும் வாங்கிக்கொண்டார். வண்டி கொஞ்சம் தாழ்ந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியது, வெற்றிலைப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அண்ணி கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை தூங்கிக்கொண்டே போனார். இத்தனை நாள் கேட்காமலிருந்த எஞ்சின் சத்தம் அண்ணனுக்குக் கேட்டது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் தாங்கினார். எட்டாம் நாள் தொழுவத்தில் போட்டு வைத்த பட்டைகளைத் தேடிப் போனவர், கையை விரித்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, இங்கிட்டுச் சாத்தி வச்சிருந்த பட்டை எங்க?"

"கொல்லன்கிட்டக் குடுத்துட்டேன்டா. நல்ல இரும்பாம், இப்ப இப்படிக் கிடைக்காதாம். ரெண்டு அருவா, ஒரு அருவாமனை. மிச்சத்துக்குக் கூலியைக் கழிச்சுக்கிட்டான்."

கட்டுப் பட்டையைவிட அருவாளுக்கு ஏற்ற இரும்பு கிடைக்காது என்பது இந்தச் சீமையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. அருவாமனையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத் துடைத்து, ஓரத்தை விரலால் தடவிக் கனம் பார்த்தார். பிறகு அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கொல்லன் பட்டறைக்குப் போனார்.

"அண்ணே, இதைத் திருப்பிப் பட்டையா அடிக்க முடியுமா?"