அரைஞாண் கயிறு

வா பேராண்டி, வா. திண்ணையில உக்காரு. நீ வண்டியை வாசல்ல நிப்பாட்டுனதுல இருந்து தெருவுல ஒருத்தனும் சோலி பாக்கலை. மேல இரும்புக் கூடை, முன்னால நாலு லைட்டு, பின்னால டீசல் கேன், கண்ணாடியில ‘கோவில்பட்டி டூ லடாக்’னு ஸ்டிக்கர். இன்னும் கிளம்பவே இல்ல, அதுக்குள்ள போயிட்டு வந்த களை வந்துருச்சு முகத்துல. கூடாரம் வாங்கிட்டியா? ஆச்சு. மூச்சு முட்டுனா இழுக்க ஆக்சிஜன் டப்பா? அதுவும் ஆச்சு. டைமிங் பெல்ட்டு?

தலையைச் சொறியாதே, பதில் அங்க இல்ல.

மாத்தாதேன்னுதான் நான் சொல்லுவேன். மாத்துனா என்ன சொகம்? இஞ்சின் நேத்து ஓடுன மாதிரியே நாளைக்கும் ஓடும். போட்டோ எடுத்துப் போட முடியுமா? மூடிக்கு உள்ள கெடக்குற கறுப்பு ரப்பரை எவன் வந்து பாக்கப் போறான்? கூடைன்னா நாலு பேரு பாப்பான். அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு லைட்டு போடு.

உன் பெரியப்பன் வேற, “பஜேரோவுக்கு உள்ள இருக்கிறது சங்கிலி, ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்”னானாம். அவன் சொன்னது பொய் இல்ல, வண்டிதான் வேற. முன்னால வந்த பஜேரோ எஸ்எஃப்எக்ஸ், 2.8 லிட்டரு, அதுக்குச் சங்கிலிதான். நீ செகண்ட்ஹேண்டுல வாங்கியிருக்கிறது பஜேரோ ஸ்போர்ட், 2.5 லிட்டரு. நம்ம திருவள்ளூர் ஃபேக்டரியில பூட்டுனது. அதுல இருக்கிற 4டி56 இஞ்சினுக்குப் பெல்ட்டுதான். பேரு ஒண்ணா இருந்தா வயித்துக்குள்ள இருக்கிறதும் ஒண்ணா? உன் பெரியப்பனுக்கு என் அப்பன் பேரைத்தான் வச்சேன். என் அப்பன் புத்தி வந்துச்சா?

சரி, அந்தப் பெல்ட்டு என்னதான் செய்யுதுன்னு தெரியுமா உனக்கு? நீ கமலை பாத்திருக்க மாட்டே. மாடு ரெண்டும் சரிவுல இறங்கும், கெணத்துக்குள்ள இருந்து சால் தண்ணியோட மேல வரும். அதுக்கு ரெண்டு கயிறு. வடம் சாலைத் தூக்கும். தும்பிக்கயிறு சாலுக்கு அடியில தொங்குற தோல் தும்பியை மடக்கிப் பிடிச்சிருக்கும். சால் மேல வந்த அதே நேரம் தும்பி வாயத் தொறந்து தொட்டியில தண்ணியை ஊத்தணும். தும்பிக்கயிறு ஒரு முழம் நீண்டு போச்சுன்னா பாதி வழியிலேயே ஒழுகி, மாடு இழுத்த தண்ணியெல்லாம் திரும்பக் கெணத்துக்கே போயிரும். டைமிங்குன்னு நீங்க இங்கிலீஷ்ல சொல்றதை நாங்க கோமணம் கட்டிக்கிட்டே செஞ்சோம்.

உன் இஞ்சினுக்குள்ளயும் அதே கதைதான். கீழ கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா, மேல கேம் ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தணும். பிஸ்டன் மேல ஏறி வரும்போது வால்வு ஒதுங்கி வழிவிட்டிருக்கணும். இஞ்சின் 3,000 சுத்துல ஓடுதுன்னா ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 தடவை மேல வந்துட்டுப் போகுது. அந்த 50 தடவையும் வால்வு மரியாதையா ஒதுங்குதுன்னா, அது பெல்ட்டு இருக்கிற தைரியம். கமலையில கயிறு அறுந்தா சால் கெணத்துல விழும், பாதாளக்கரண்டி போட்டு எடுத்துக்கலாம். அப்புறம் ஆயில் இஞ்சின் வந்துச்சு, பம்புக்குப் பட்டை போட்டோம். குங்கிலியத் தூளைத் தூவித் தூவி ஓட்டுவேன். அந்தப் பட்டை அறுந்தா தண்ணி நிக்கும், இஞ்சின் பாட்டுக்குத் தும்மிக்கிட்டே ஓடும். தச்சு மாட்டுனாத் தீர்ந்துச்சு.

உன் பெல்ட்டு அறுந்தா அப்படி இல்லடா. டீசல் இஞ்சின்ல தீப்பொறி கிடையாது. காத்தை 16, 17 மடங்கு நசுக்கி, அந்தச் சூட்டுலதான் டீசலைப் பத்த வைக்கணும். அவ்வளவு நசுக்கணும்னா பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது தலைக்கும் அதுக்கும் இடையில இடமே இருக்காது. பெல்ட்டு அறுந்த நிமிசம் கேம் நின்னுரும், கிராங்க் நிக்காது. வண்டி போன வேகத்துல அது சுத்தும். தொறந்தபடி நிக்கிற வால்வை பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும், ராக்கர் ஆர்ம் முறியும். டாப்பைப் பிரிக்காம வேலை ஆகாது. பெரிசா சத்தம்கூட வராது. டக்குன்னு ஒண்ணு, அப்புறம் அமைதி.

அந்த அமைதி எங்க வருதுங்கிறதுதான் உன் யோகம். நம்ம ஊர் பைபாஸ்ல ஏறுனா அதே 44ஆம் நம்பர் ரோடு ஸ்ரீநகர் வரைக்கும் கொண்டு போய் விட்டுரும். அதுக்கு மேல சோஜி லா. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். அங்க இஞ்சின் நின்னா ஸ்டியரிங் கல்லாயிரும். பிரேக்கு ரெண்டு மிதிக்கு மெதுவா இருக்கும், மூணாவது மிதிக்குச் செக்கு இழுக்கிற மாதிரி இருக்கும். நாலு சக்கரமும் இழுக்கும்னு பீத்துனியே, இப்ப நீங்க நாலு பேரும் தள்ளலாம். கோமணம் பட்டா இருந்தா என்னடா, அரைஞாண் கயிறு அறுந்துட்டா?

“வண்டி 72,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு தாத்தா”ங்கிறே. மீட்டர் சொல்லுது. வித்தவனும் சொன்னான். நானும் பொண்ணு பாக்கப் போனப்ப 20 ஏக்கர்னு சொன்னேன், உன் அப்பத்தாகிட்டக் கேளு. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் ஒரு கணக்கு, வயசு ஒரு கணக்கு. 2014ல மாட்டுன ரப்பர் ஓடாம நிழல்ல கெடந்தாலும் கெழடுதான். உள்ள கண்ணாடி நூல் வச்சு இழைச்சது அது. வெளிய பல்லெல்லாம் வரிசையா, என் பல்லு செட்டு மாதிரி அழகா இருக்கும். நூல் உள்ள இத்துப் போயிருக்கும். ஒரு சொட்டு ஆயில் பட்டா இன்னும் சீக்கிரம். முன்னால வண்டி வச்சிருந்தவன் மாத்துனதுக்குப் பில்லு காட்டுனானா? காட்டலை. அப்ப அது மாத்தாத பெல்ட்டு, அவ்வளவுதான்.

மேலத்தெருவுல ஒருத்தன் பழைய 3.0 ஃபார்ச்சூனர் வாங்குனான். அதுல 1,50,000 கிலோமீட்டர் ஆனதும் பெல்ட்டை மாத்துன்னு மீட்டருக்குள்ளயே ஒரு விளக்கு எரியும். இவன் வாங்கும்போது எரியலை. வாங்கி வச்சுச் சந்தோசமா ஓட்டுனான். வித்த புண்ணியவான் பெல்ட்டைத் தொடவே இல்ல, விளக்கை மட்டும் அணைச்சிருக்கான். மீட்டர் பொத்தானை அமுக்கிப் பிடிச்சுச் சாவியைத் திருப்புற சூட்சுமம் அது, ரெண்டு நிமிச வேலை. வீடு வேகும்போது மணியைக் கழட்டிப் பரண்ல போட்ட கதை.

மாத்துறதுன்னு முடிவாயிட்டா அரைகுறையா மாத்தாதே. உன் இஞ்சினுக்குள்ள பெல்ட்டு ஒண்ணு இல்ல, ரெண்டு. பெரிசு கேமையும் டீசல் பம்பையும் சுத்தும். பின்னால ஒளிஞ்சிக்கிட்டுச் சின்னது ஒண்ணு இருக்கு, பேலன்ஸ் ஷாஃப்டுக்கு. அதிர்வைக் குறைக்கிறதுக்காக வச்சது. அது இல்லாமலே இஞ்சின் ஓடும், கொஞ்சம் ஆடும். ஆனா அது அறுந்தா சும்மா விழாது, பெரிசுக்குள்ள போய்ச் சிக்கி அதையும் இழுத்துக்கிட்டுப் போகும். நம்ம வீட்டுல சின்ன மருமகன் சண்டை போட்டா பெரிய மருமகனும் சேந்து சாப்பிடாமப் போவான்ல, அந்த மாதிரி. மெக்கானிக் “பெரிசு மட்டும் போதும், சின்னது நல்லாத்தான் இருக்கு”ன்னா, வண்டியைத் திருப்பிக்கிட்டு வா.

டென்ஷனர், ஐட்லர் பேரிங், முன்னால இருக்கிற ஆயில் சீல், எல்லாத்தையும் அதோட மாத்து. பேரிங் சிக்குனா புதுப் பெல்ட்டும் ஒரே நாள்ல பழசுதான். சாமானை கம்பெனி டப்பாவுல பாத்து வாங்கு. மாட்டி முடிச்சதும் சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ண விடாதே. ஸ்பானரைப் போட்டு கிராங்கைக் கையால ரெண்டு முழுச் சுத்து சுத்தச் சொல்லு. கிராங்க் மார்க், கேம் மார்க், பம்பு மார்க் மூணும் திரும்ப அதே இடத்துல வந்து நிக்கணும். ஒரு பல்லு தள்ளியிருந்தாலும் கழட்டி மாட்டச் சொல்லு. நடுவுல கை இடிச்சு நின்னா அழுத்தித் திருப்பக் கூடாது. இடிக்கிறது வால்வு. அவன் மூஞ்சியைச் சுளிப்பான். சுளிக்கட்டும், நீ டீ வாங்கிக் குடு.

அப்புறம் எப்ப மாத்துறதுன்னு ஒண்ணு இருக்கு. நீ கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி விடுவேன்னு எனக்குத் தெரியும். புதுச்செருப்பு போட்டுக்கிட்டுப் பழனிக்குப் பாதயாத்திரை போனவன் எங்க போய்ச் சேந்தான், சத்திரத்துல காலை நீட்டிக்கிட்டுக் கெடந்தான். ஒரு மாசம் முந்தி மாத்து. மதுரைக்கும் தென்காசிக்கும் அலைஞ்சு 500, 1,000 கிலோமீட்டர் ஓட்டு. சீல் ஒழுகுனா இங்க ஒழுகட்டும், பேரிங் கத்துனா இங்க கத்தட்டும். இங்கன்னா நான் இருக்கேன், திட்டுறதுக்கு. கர்துங் லா 5,359 மீட்டர் உசரமாம். அங்க உன்னை யாரு திட்டுவா? திட்டவே அங்க மூச்சு பத்தாது.

எந்திரிக்காதே, இரு. பட்டறைக்காரன்கிட்ட நேத்தே பேசிட்டேன். திங்கக்கிழமை காலையில வண்டி அங்க நிக்கணும், ஒரு பகல் வேலை. முன்பணத்தை உன் பேர்ல எழுதச் சொல்லிட்டேன். சாயந்திரம் போகும்போது பழைய பெல்ட்டு ரெண்டையும் கேட்டு வாங்கு. அவன் மாத்துனானா இல்ல மூடியைத் தொடச்சு விட்டானான்னு அதுதான் சாட்சி. குப்பையில போட்டுறாதே. பெரிசைக் கொண்டாந்து குடு, ஆட்டுக் கொட்டில் படலுக்குக் கீல் இல்லாம ஆடுது, வெட்டி அடிச்சுக்கிறேன். சின்னதை நல்ல காகிதத்துல சுத்தி உன் பெரியப்பன்கிட்டக் குடுத்துரு. தாத்தா குடுத்தாரு, சங்கிலின்னு சொல்லு.