அகாலப் படையெடுப்பு: ஓர் ஆராய்ச்சி

போர்த்தொழிலுக்கு இலக்கணம் வகுத்த நம் பண்டை ஆசிரியர்கள், பகைவரின் ஆநிரையைக் கவர்வதை வெட்சி என்றும், அவர் மண்ணின்மேற் செல்வதை வஞ்சி என்றும், அரணை வளைத்துக்கொள்வதை உழிஞை என்றும் முறைப்படுத்தி, ஒவ்வொன்றிற்கும் ஒரு பூவையும் ஒதுக்கிவைத்தார்களேயன்றி, அரணுக்கு முதற்கல் ஊன்றுவதற்கு முன்பே, பகைவன் பூச்சூடவும் அவகாசம் தராமல், அவன் வாயிற்படியில் வந்து நிற்கும் படைக்கு எந்தப் பூவைச் சூட்டுவது என்பதைச் சொல்லாமலே போய்விட்டார்கள். இந்தக் குறை நெடுங்காலம் யாரையும் வருத்தவில்லை. 1998-ஆம் ஆண்டில் பிளிஸார்ட் நிறுவனத்தார் ஸ்டார்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டபின் நிலைமை மாறிற்று. விளையாடும் பிள்ளைகள் ‘ரஷ்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் அந்த அகாலப் படையெடுப்பைச் சாஸ்திர முறையில் விசாரிப்பதே நமது நோக்கம்.

சதுரங்கத்தில், ஒருவர் காயை நகர்த்தும்வரை மற்றவர் கன்னத்தில் கைவைத்துக் காத்திருக்கும் மரியாதை உண்டு. இவ்விளையாட்டுக்களில் அது கிடையாது. இருவருக்கும் காலம் ஒருசேர ஓடிக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு மூலத்தளமும் விரல்விட்டு எண்ணத்தக்க வேலையாட்களும் கொடுக்கப்பட, அவர்களைக் கொண்டு கனிமம் தோண்டி, தோண்டியதை மேலும் பல வேலையாட்களாக மாற்றி, கூடங்களும் கொத்தளங்களும் எழுப்பி, கடைசியில் ஒரு மகாசேனையைத் திரட்டிக்கொண்டு நாகரிகமாகச் சண்டைக்குப் புறப்பட வேண்டும் என்பதே, விதிநூல் எதிலும் எழுதப்படாததும் தோற்றவர் அனைவரும் ஏகமனதாக ஒப்புக்கொள்வதுமான சம்பிரதாயம்.

இச்சம்பிரதாயத்தை மீறியவற்றுள் தலையாயது ஜெர்க் என்னும் பூச்சிக் குலத்தாரின் முறை. தொடக்கத்தில் அவர்களுக்குள்ள ஆஸ்தி ட்ரோன் என்னும் வேலையாட்கள் நால்வரும் 50 கனிமமுமே. அந்த ஐம்பதைக் கொண்டு ஐந்தாவது ட்ரோனை உண்டாக்குவதுதான் குடும்பஸ்தனுக்கு அழகு. நம் வீரனோ அதைத் தொடாமல், 200 கனிமம் சேரும்வரை பொறுத்திருந்து, சேர்ந்த மாத்திரத்தில் ஸ்பானிங் பூல் என்னும் குளத்தைக் கட்டுகிறான். கட்டுகிறான் என்பதும் சரியன்று. இக்குலத்தில் வேலையாள் கட்டடம் கட்டுவதில்லை, தானே உருகிக் கட்டடமாகிவிடுகிறான். ஆகவே நால்வரில் ஒருவன் குளமாகிப்போக, மற்றவர் தேடிய பொருளைக் கொண்டு மூன்று முட்டைகள் உண்டாகி, முட்டைக்கு இரண்டாக ஜெர்க்லிங் என்னும் போர்ப்பூச்சிகள் ஆறு பொரித்து ஓடத் தொடங்குகின்றன. அக்குளத்தின் விலை ஆதியில் 150 கனிமமாக இருந்து, பின்னாளில் நிறுவனத்தாராலேயே 200 ஆக உயர்த்தப்பட்டது. அவசரத்துக்குச் சுங்கம் விதித்த அரசு இது ஒன்றுதான் என்று எண்ணுகிறோம்.

எதிர்ப்பக்கத்தில் அப்போது முதல் போர்வீரன் பயிற்சிக்கூடத்தை விட்டு வெளிவந்திருக்கமாட்டான். கனிமப் பாறைக்கும் தளத்துக்கும் இடையே சுமந்துகொண்டு நடக்கும் வேலையாட்களில் ஒருவன் திடீரென்று சாய்கிறான். அபாய அறிவிப்பு ஒலிக்கிறது. அடுத்த கட்டடத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர் கண்ணைத் திருப்புவதற்குள் இரண்டாமவனும் சாய்கிறான். பதறியெழுந்து எல்லாரையும் மௌஸால் ஒரு கட்டத்துக்குள் வளைத்துச் சண்டைக்கு ஏவினால் வருவாய் நின்றுபோகிறது. ஏவாவிட்டால் வருவாய் தேடுவதற்கு ஆளே இல்லாமற் போகிறது. இத்தனைக்கும் தாக்கியவனின் நிலையும் பொறாமைப்படத்தக்கதன்று. நான்கு மூலைகள் கொண்ட நிலத்தில் பகைவன் எந்த மூலையில் இருக்கிறான் என்பது தெரியாமல், ஆறு பூச்சிகளும் தவறான மூலைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அங்கே வீரர்கள் அணிவகுத்துவிட்டார்களானால், ஓட்டாண்டியாக எஞ்சிய ஆட்டத்தை ஓட்ட வேண்டியதுதான். ஊழின் வலியை இதைவிடச் சுருக்கமாக விளக்கும் உதாரணம் நமக்கு அகப்படவில்லை.

புரோட்டாஸ் குலத்தாரின் முறை வேறு. அவர்களுடைய போட்டான் பீரங்கி இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டாத பொருள். தன் ஊரைக் காப்பதற்கென்றே படைக்கப்பட்டது. பைலான் என்னும் தூணின் சக்தி வட்டத்துக்குள் மட்டுமே முளைப்பது. வேலையாள் ஒருவன் தன்னந்தனியே பகைவனின் ஊருக்குள் புகுந்து, கண்ணுக்குப் படாத ஓரத்தில் அத்தூணை ஊன்றி, ஒன்று 150 கனிமமாகப் பீரங்கிகளை நட்டுக்கொண்டே முன்னேறுவான். அரண் காக்கும் நொச்சிக்குரிய மதில் தானே எழுந்து உழிஞைக்குப் புறப்பட்டுவிட்ட இந்த விபரீதத்தை நம் உரையாசிரியர்கள் கண்டிருந்தால், சூத்திரத்தைத் திருத்தியிருப்பார்களோ, பீரங்கியைப் புறனடையில் தள்ளியிருப்பார்களோ, அறியோம்.

எனினும் அபூர்வம் என்ற வகையில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்னும் வேறொரு விளையாட்டின் இரண்டாம் பாகத்துப் பாரசீகருக்கே முதலிடம் தருவோம். அவர்களுடைய நகரமன்றத்துக்கு மற்றவருடையதைக் காட்டிலும் இருமடங்கு உறுதி உண்டு. இதை உணர்ந்த யாரோ ஒரு மகானுபாவர், தம் ஊரின் ஒரே நகரமன்றத்தைத் தாமே இடித்துத் தள்ளிவிட்டு, 275 மரத்தையும் 100 கல்லையும் செலவிட்டு, பகைவனின் நகரமன்றத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்றை எழுப்பி, சுவரோடு சுவராக அம்பு தொடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். மாமியார் வீட்டு முற்றத்தில் தனிக்குடித்தனம் வைத்த மருமகளைப் போல, இனி இருவரில் ஒருவர்தான் அங்கே இருக்க முடியும். வெட்சியாருக்கும் இவ்விளையாட்டில் இடமுண்டு: காவலின்றி மேயும் ஆட்டைப் பகைவனின் குதிரையொற்றன் கண்டமாத்திரத்தில் அது கட்சி மாறி அவனுடையதாகிவிடும்; காட்டுப்பன்றியைச் சீண்டிச் சினமூட்டித் தன் ஊர்வரை துரத்தி வரச்செய்து, அங்கே அடித்துத் தின்பாரும் உளர்.

இவையெல்லாம் அதர்மம் என்பது பூர்வபக்ஷம். இக்கட்சியார் வெறும் புலம்பலோடு நிற்கவில்லை. முதல் இருபது நிமிஷங்களுக்கு யாரும் யாரையும் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டு ஆடினார்கள். 2007-இல் வந்த சுப்ரீம் கமாண்டர் விளையாட்டில் அவ்வொப்பந்தம் ஐந்து, பத்து, இருபது நிமிஷம் என்று தேர்ந்துகொள்ளத்தக்க சட்டமாகவே இடம்பெற்றது. இருந்தும் அவர்கள் கட்சி நமக்கு உடன்பாடன்று. தாக்குதலுக்கு அஞ்ச வேண்டாதவன் காவலுக்கு ஒரு காசும் செலவிடமாட்டான். காவலின்றிப் பெருக்கிய செல்வத்தைச் சாமர்த்தியம் என்றும் சொல்லிக்கொள்வான். அவனை ஓர் ஒற்றனையாவது அனுப்பிப் பார்க்கச் செய்வது அகாலப் படையெடுப்பு ஒன்றே. தோற்றவரின் கோபத்துக்குக் காரணம் இழந்த நான்கு வேலையாட்கள் அல்லர். மனக்கண்ணில் அவர் கட்டி முடித்துவிட்ட கோட்டை.

பிரத்தியக்ஷ பிரமாணம் ஒன்று உண்டு. 2004-ஆம் ஆண்டு நவம்பரில், கொரியாவின் எவர் ஸ்டார்லீக் என்னும் ஸ்டார்கிராஃப்ட் போட்டியின் அரையிறுதியில், பாக்ஸர் என்று பெயர்பெற்ற லிம் யோ-ஹ்வான், தம் நெடுநாள் எதிரியான ஹாங் ஜின்-ஹோவைச் சந்தித்தார். முதல் ஆட்டத்தில் மெரைன் என்னும் காலாட்களோடு வேலையாட்களையும் திரட்டிக்கொண்டு போய், எதிரியின் தளத்தருகே பங்கர் என்னும் காவலரணை எழுப்பி வென்றார். இரண்டாம் ஆட்டத்திலும் அதையே செய்தார். ஒரே தந்திரத்தை மூன்றாம் முறையும் ஒருவர் செய்யத் துணியமாட்டார் என்று தர்க்க சாஸ்திரம் சொல்லும். அவர் செய்தார், வென்றார். கோழி வறுவலுக்குச் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவர்களுக்கு, கோழி வந்து சேருவதற்குள் போட்டி முடிந்துவிட்டது என்று கொரிய ரசிகர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். இறுதிப் போட்டியில் ஐந்து ஆட்டங்களும் ஆடப்பட்டன. அதில் லிம், தம் சொந்த அணியைச் சேர்ந்த சோய் யோன்-சங்கிடம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார்.