‘அன்னிக்கே சொன்னேன்’ மாமா

செம்பூரில் ஒவ்வொரு ஹவுசிங் சொசைட்டிக்கும் ஒரு செக்ரட்டரி, ஒரு வாட்ச்மேன், ஒரு ‘அன்னிக்கே சொன்னேன்’ மாமா உண்டு. முதல் இருவரையும் மாற்ற முடியும்.

எங்கள் கட்டடத்து மாமா காலையில் சேடா நகர் முருகனைப் பார்த்துவிட்டு, கறிவேப்பிலைக் கொத்தோடு திரும்பிக் கீழே பெஞ்சில் உட்கார்வார். கிரிக்கெட்டில் இந்தியா ஏன் தோற்றது என்பதில் அவருக்குச் சந்தேகமே வராது. ஜெயித்தால்தான் தடுமாறுவார். “அது ஜெயிக்கவேண்டிய மேட்ச்தானே” என்று கறிவேப்பிலையை உருவத் தொடங்கிவிடுவார்.

தோல்வி என்றால் கதையே வேறு. 1987 உலகக் கோப்பையின் வான்கடே அரையிறுதியில் இங்கிலாந்தின் கூச் ஸ்வீப் அடித்தடித்தே 115 எடுத்ததை நேற்று நடந்தது போலச் சொல்வார். 2016 டி20 உலகக் கோப்பையில் அதே மைதானத்து அரையிறுதியில் வெஸ்ட் இண்டீஸின் சிம்மன்ஸ் இரண்டு தடவை கேட்ச் கொடுத்தும் பிழைத்தார். இரண்டு பந்தும் நோபால். பாண்டியா போட்டது பாண்டியாவின் தப்பு. அஷ்வின் போட்டது? “கிரீஸ் கோடு சரியாப் போடலைடா.” அஷ்வின் மாம்பலத்துப் பையன், மாமியின் பிறந்த வீடும் மாம்பலம்.

2023 நவம்பர் 19 உலகக் கோப்பை ஃபைனலில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதற்கு மறுநாள் பெஞ்சில் இடமில்லை.

“பத்து மேட்ச் வரிசையா ஜெயிச்சா என்னடா ஆகும்? அடி வாங்கினா எழுந்திருக்கறது எப்படின்னு மறந்துபோகும். ஆஸ்திரேலியாக்காரன் முதல் ரெண்டையும் தோத்தான், அப்பறம் ஒன்பது ஜெயிச்சான். நாம பத்து ஓவர்ல எண்பது அடிச்சுட்டு, மிச்ச நாப்பது ஓவர்ல நாலே நாலு பவுண்டரி. பயம்டா! அன்னிக்கே சொன்னேன்.”

இதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “லீக்ல ஒரு நாள் சறுக்கினா அடுத்த மேட்ச்ல தேத்திக்கலாம். ஃபைனலுக்கு மறுபரீட்சை கிடையாதே மாமா. டாஸ், பிட்ச், ஹெட்டோட 137 எல்லாம் ஒரே நாள்ல சேர்ந்துடுத்து. அதிர்ஷ்டமும்...”

“அதிர்ஷ்டமா? நாப்பது வருஷம் கணக்கு எழுதினவன்கிட்ட அந்தப் பேச்சே வேண்டாம்.”

அவர் வீட்டு ஹாலில் கால் ஆடும் பிரம்பு நாற்காலி ஒன்று இருக்கிறது. 2011 ஏப்ரல் 2 அன்று உலகக் கோப்பை ஃபைனலில் தோனி சிக்ஸர் அடித்தபோது அதில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து எந்தத் தச்சனும் அதைத் தொட்டதில்லை.

2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை ஃபைனல். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன். “போச்சு” என்று டிவியை அணைத்துவிட்டு மாமா கீழே இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் டயமண்ட் கார்டன் பக்கம் வெடிச்சத்தம். கடைசி ஓவரின் முதல் பந்தில் மில்லர் தூக்கியதைச் சூர்யகுமார் எல்லைக் கயிற்றோரம் பிடித்து, உள்ளே எறிந்துவிட்டு வெளியே போய், திரும்பி வந்து மறுபடி பிடித்ததை வாட்ச்மேன் தன் மொபைலில் காட்டினான்.

காலையில் வகுப்பு. “சூர்யா யாரு? நம்ம அணுசக்தி நகர் பையன். காலனில விளையாடறவனுக்குப் பந்து காம்பவுண்டைத் தாண்டினா ஆட்டம் க்ளோஸ். தாண்ட விடுவானோ?”

“நீங்க பாத்தேளா மாமா?”

“பாத்துதான் தெரியணுமா?”

கட்டடம் வேறு காரணம் கண்டுபிடித்திருந்தது: மாமா கீழே இருந்தார். 2025 மார்ச்சில் துபாயில் சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல் நடந்தபோது, ரோஹித் அவுட் ஆனதும் மாமி அவரைப் பால் வாங்க அனுப்பினாள். ஃப்ரிட்ஜில் மூன்று பாக்கெட் இருந்தன. ஒரு ஓவர் மிச்சமிருக்க இந்தியா ஜெயித்தது.

அதே வருஷம் நவம்பர் 2 அன்று பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல், இதோ, கழிமுகத்தைத் தாண்டினால் நெருல். மழையால் இரண்டு மணி நேரம் தாமதம். இம்முறை யாரும் சொல்லவில்லை. பிரம்பு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, கொசு பேட்டும் கையுமாக மாமா கீழே போனார். நள்ளிரவை ஒட்டி வெடி வெடித்ததும் பால்கனியைப் பார்த்துக் கத்தினார்.

“எத்தனை ரன்ல?”

“அம்பத்திரண்டு!”

தமிழ் தெரியாத வாட்ச்மேன் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“மைனே உஸ் தின் ஹி போலா தா...”